உங்களுக்குத் தெரியுமா? அரபு ராப் ஸ்பெஷல்!

தாமர் நஃபார். இந்தப் பேரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்! பாலஸ்தீனத்தின் முதல் ராப் குழுவைத் தொடங்கியவர் இவர்தான். பிறந்த வருடம் 1979. மைக்கைப் பிடித்து 25 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் கீழே வைத்தபாடில்லை!

இவர் பிறந்த ஊர் லோட். இஸ்ரேலுக்குள் இருக்கிறது. அரபிக்காரர்களுக்கு லித். தமிழ் பைபிளில் லித்தா! எட்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த ஐனேயாவைப் பேதுரு எழுப்பி நடக்க வைத்தாரே, அந்த லித்தாவேதான்!

இருங்கள், இன்னும் இருக்கிறது. சென்னையில் நம் சட்டமன்றம் நடக்கும் கோட்டைக்கு யார் பேர்? புனித ஜார்ஜ். அந்த ஜார்ஜின் கல்லறை என்று கிறிஸ்தவர்கள் காலம்காலமாக வணங்கும் இடம் எங்கே? இதே லோட்டில்! தலைமைச் செயலகத்தைக் கடக்கும்போது ஒரு ராப்பரை நினைத்துக்கொள்ள உங்களுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது!

டெல் அவீவுக்கு விமானம் ஏறுகிறீர்களா? நீங்கள் இறங்கும் பென் குரியன் விமான நிலையம் லோட் ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது. பழைய பேரே லித்தா விமான நிலையம்! வந்து இறங்கும் கூட்டத்தில் எத்தனை பேர் ஊருக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? அது வேறு கணக்கு.

எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? ரயில் தண்டவாளம். அதை ஒட்டி அரபு வீடுகள். சந்துக்குள் போதை வியாபாரம். அனுமதி இல்லாமல் கட்டிய வீடு என்று இடிக்க வரும் புல்டோசர். தாமரின் பாட்டுக்கான சரக்கு அத்தனையும் வாசலிலேயே கிடந்தது!

1998. தாமருக்கு 19 வயது. முதல் இசைத்தட்டு வெளியாகிறது. அந்த வயசுப் பையன் காதலைப் பாடுவான், காரைப் பாடுவான். இவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? ‘போதை விற்பதை நிறுத்து’! அதுவும் விற்பவர்களின் தெருவிலேயே நின்றுகொண்டு!

இவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார்? அமெரிக்க ராப்பர் டூபாக் ஷகூர்! டூபாக்கின் பாட்டை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தேறியவர். டியூஷன் செலவு பூஜ்யம்!

1999. தாமர், தம்பி சுஹெல், நண்பர் மஹ்மூத் ஜரேரி. மூன்றே பேர். குழுவின் பேர் டாம். பாடும் மொழியும் மூன்று. அரபி, ஹீப்ரு, ஆங்கிலம்! யார் கேட்க வேண்டுமோ அவர் மொழியில் பாட்டு. சாக்குச் சொல்லிக் காதைப் பொத்திக்கொள்ள ஒருவருக்கும் வழியில்லை!

2001. ‘மீன் இர்ஹாபி’ வருகிறது. ‘யார் தீவிரவாதி’ என்று தலைப்பிலேயே கேள்வி! இணையத்தில் டவுன்லோடு ஆன எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது!

அப்போது யூடியூப் கிடையாது. அது 2005ல்தான் பிறக்கிறது. ஃபேஸ்புக் கிடையாது. அது 2004. ‘கிர்ர்ர்’ என்று இரையும் டெலிபோன் லைனில், ஒரு பாட்டு இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றிருந்த காலத்தில் 10 லட்சம்!

பிரான்ஸில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அந்தப் பாட்டைச் சிடியில் போட்டுப் புத்தகத்தோடு இலவசமாகவே கொடுத்தது!

உங்கள் பாட்டில் ஹிப் ஹாப் எவ்வளவு என்று கேட்டால் டாம் குழு சதவிகிதத்தில் கணக்குச் சொல்லும்! 30 சதவிகிதம் ஹிப் ஹாப். 30 சதவிகிதம் இலக்கியம். மிச்சம் 40 சதவிகிதம்? ஜன்னலுக்கு வெளியே பாருங்கள் என்று கையைக் காட்டிவிடுவார்கள்!

ஒரு சினிமாக் கதையே இருக்கிறது. இஸ்ரேலின் பெரிய ராப் நட்சத்திரம் சப்லிமினல். பச்சை தேசியவாதி. ஆரம்பத்தில் தாமரைக் கூப்பிட்டு மேடை கொடுத்தவரே அவர்தான்! இரண்டு பேரும் தோளில் கை போட்டுத் திரிந்தார்கள். 2000ல் இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி வெடித்தது. நட்பும் வெடித்தது! அது உடைவதைப் பக்கத்திலேயே நின்று கேமராவில் பிடித்த ஆவணப்படம் 2003ல் வந்தது. பேர் ‘சேனல்ஸ் ஆஃப் ரேஜ்’. எழுதி இயக்கினால்கூட இப்படி அமையாது!

குழு தொடங்கியது 1999. முதல் முழு ஆல்பம் ‘இஹ்தா’ வந்தது எப்போது? 2006! ஆல்பமே இல்லாமல் ஏழு வருடம் உலகம் சுற்றிய குழு இது!

அந்த ஆல்பத்தில் பெண் விடுதலைக்கென்றே ஒரு பாட்டு. கூடப் பாடியவர் ஸஃபா ஹத்தூத். ‘அக்கா’ என்ற நகரத்துப் பெண். பாலஸ்தீனத்தின் முதல் பெண்கள் ராப் குழுவான ‘அரபியாத்’தில் ஒருவர். அந்தக் குழுவில் மொத்தமே இரண்டு பேர்!

2008ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைவிழாவில் ஒரு ஆவணப்படம். ‘ஸ்லிங்ஷாட் ஹிப் ஹாப்’. இயக்கியவர் ஜாக்கி ரீம் சல்லூம். லோட்டில் டாம் குழு. காஸாவில் பி.ஆர். என்ற இன்னொரு ராப் குழு. இரண்டுக்கும் இடையே காக்கை பறக்கும் தூரம் 70 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் சோதனைச்சாவடி, பெர்மிட், வேலி! படம் முழுக்கப் போனிலேயே பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்கத் திரைவிழாவுக்கு எட்டிவிட்ட இந்த ராப்பால் பக்கத்து ஊருக்குப் போக முடியவில்லை!

2012. இரண்டாவது ஆல்பம். பேரைக் கேளுங்கள். ‘நிலவில் தப்கே’! தப்கே என்பது கல்யாணங்களில் கைகோத்து ஆடும் அரபு நாட்டுப்புற ஆட்டம். ஆட பூமியில் இடமில்லை, நிலவுக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டார்கள்!

அதே ஆல்பத்தில் ஒரு வீடியோ. பார்த்தால் தூக்கம் வராது. ‘காலத்தைப் பின்னோக்கித் திருப்ப முடிந்தால்’ என்பது தலைப்பு. கௌரவக் கொலை பற்றியது. முதல் காட்சியிலேயே பெண் செத்துக் கிடக்கிறாள். அப்புறம் படம் தலைகீழாக ஓடுகிறது! குண்டு துப்பாக்கிக்குள் திரும்பிப் போகிறது. கார் பின்னால் போகிறது. அழுகை முகத்துக்குள் ஏறுகிறது. அப்படியே அவள் பிறந்த நாள் வரைக்கும்! பெண்குரல் கொடுத்தவர் பிரபல பாடகி அமல் மர்குஸ். பின்னால் நின்று உதவியது ஐ.நா. பெண்கள் அமைப்பு!

பாராட்டு மட்டும் வந்ததா? அதுதான் இல்லை! கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லைலா அபு-லுகோத்தும் மாயா மிக்தாஷியும் சேர்ந்து நீளமாக ஒரு கண்டனக் கட்டுரை எழுதினார்கள். அரசியலை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் குற்றம் சொல்கிறீர்களே என்று! ராப்பர்கள் சும்மா இருந்தார்களா? அவர்களும் உட்கார்ந்து பதில் கட்டுரை எழுதினார்கள்! மானுடவியல் பேராசிரியரோடு எழுத்தில் மோதிய ராப் குழு உங்களுக்கு வேறு தெரிந்தால் சொல்லுங்கள்!

2015. குழுவுக்குள் ஒரு பெண் நுழைகிறார். மைசா தாவ். ஹைஃபா நகரத்துப் பாடகி. நெட்ஃபிளிக்ஸில் ‘தி கிரவுன்’ பார்த்தவரா நீங்கள்? அதில் முகமது அல் ஃபாயதாக வந்த நடிகர் சலீம் தாவ் ஞாபகம் இருக்கிறதா? அவருடைய மகள்தான் இந்த மைசா!

மைசாவோடு சேர்ந்து வந்த பெண்ணியப் பாட்டின் வீடியோவை இயக்கியவர் ஸ்கந்தர் காப்டி. அவர் இணைந்து இயக்கிய ‘அஜாமி’ ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம்! ராப் வீடியோவுக்கு ஆஸ்கர் வாசல் வரை போன ஆள்!

தாமர் சினிமாவையும் விடவில்லை. 2016. ‘ஜங்ஷன் 48’. லோட் ஊர் ராப்பராக நடித்தது தாமர். திரைக்கதையில் கை வைத்ததும் தாமர். இசையிலும் தாமர்! பெர்லின் திரைவிழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருது. நியூயார்க் ட்ரைபெக்கா விழாவில் சிறந்த சர்வதேசக் கதைப்படம். ஒரே வருடத்தில் இரண்டு கண்டத்தில் விருது!

இயக்குநர் உதி அலோனி யார் தெரியுமா? இஸ்ரேலின் முன்னாள் கல்வி அமைச்சர் ஷுலமித் அலோனியின் மகன்!

முன்னாள் அமைச்சரின் மகன் படம் எடுத்தார் அல்லவா? அந்நாள் அமைச்சர் என்ன செய்தார் தெரியுமா? 2016 செப்டம்பர். இஸ்ரேலின் ஆஸ்கர் என்று சொல்லப்படும் ஓஃபிர் விருது விழா. நேரடி ஒளிபரப்பு. மேடையில் தாமர். பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் புகழ்பெற்ற ‘அடையாள அட்டை’ கவிதை ஒலிக்கிறது. தாமரின் முஷ்டி மேலே போகிறது. கலாசார அமைச்சர் மீரி ரெகேவ் நாற்காலியை விட்டு எழுந்து விறுவிறுவென்று வெளியே! பிறகு திரும்பி வந்து மைக்கைப் பிடித்துப் பொரிந்து தள்ளினார். இப்போது வெளியே நடந்தவர்கள் சில கலைஞர்கள்! அன்று ராத்திரி அந்தக் கதவுக்கு ஓய்வே இல்லை!

அந்தக் கவிதைக்கு அப்போது வயது எவ்வளவு? 52! தர்வீஷ் வெளியிட்டது 1964ல்!

அதே ராத்திரி ‘ஜங்ஷன் 48’ சிறந்த இசைக்கான விருதையும் தூக்கிக்கொண்டு போனது. அமைச்சர் போனால் என்ன, பரிசு வந்ததே!

அமைச்சர் விடுவாரா? அடுத்த மாதம் ஹைஃபா திரைவிழாவில் தாமரின் நிகழ்ச்சி. அவரை நீக்கு என்று மேயருக்கு நெருக்கடி. மேயர் மசியவில்லை. கூச்சல், ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தது. பாட்டும் நடந்தது!

இதோடு முடிந்ததா? இன்னொரு தடை எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபு ஊரிலிருந்தே! உம் அல் ஃபஹ்ம் நகராட்சி இவர் கச்சேரியை ரத்து செய்தது. வரிகள் ஊர்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவையாம்! வழக்கு நீதிமன்றம் போனது. தீர்ப்பு தாமர் பக்கம்! யூத அமைச்சரும் பிடிக்கவில்லை என்கிறார், அரபு நகராட்சியும் பிடிக்கவில்லை என்கிறது. என்னைக் கேட்டால், இவர் வாங்கிய விருதுகளில் பெரியது இதுதான்!

2019 ஏப்ரல் இஸ்ரேல் தேர்தல். அரபு மக்களுக்குள் ஒரே குழப்பம். ஓட்டுப் போடுவதா, புறக்கணிப்பதா? தாமர் ஒரு வீடியோ விட்டார். அதில் இரண்டு தாமர்! ஒருவர் போடு என்கிறார். இன்னொருவர் போடாதே என்கிறார். தன்னோடு தானே ராப் சண்டை போட்டுக்கொண்ட அரசியல் பிரசாரம்!

அதே 2019ல் மூன்றாவது ஆல்பம். ‘பேன் ஹானா வ மானா’. பேருக்குப் பின்னால் ஒரு நாட்டுப்புறக் கதை. ஒருவருக்கு இரண்டு மனைவி. இளையவள் பேர் ஹானா, மூத்தவள் பேர் மானா. தாடியில் நரை தெரியக்கூடாது என்று இளையவள் வெள்ளை முடியைப் பிடுங்குகிறாள். கறுப்பு இருந்தால் நான் கிழவியாகத் தெரிவேனே என்று மூத்தவள் கறுப்பைப் பிடுங்குகிறாள். கடைசியில் தாடியே காலி! இரண்டு பக்கமும் இழுபடும் ஒரு மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எங்கே கிடைக்கும்?

அந்த ஆல்பத்தில் ஒரு கிண்டல் பாட்டு. விஷயம் என்ன? ‘எப்போடி கல்யாணம்?’ என்று அம்மாக்கள் பெண்களைப் பிடுங்கி எடுப்பது! நம்ம ஊர் அம்மாக்களே, நீங்கள் தனியாக இல்லை!

சரி, லோட்டை விட்டு வெளியே வாருங்கள். துனிசியா. ஸ்ஃபாக்ஸ் நகரம். எல் ஜெனரல் என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்ட 21 வயதுப் பையன். 2010 நவம்பர் 7 அன்று ஃபேஸ்புக்கில் ஒரு பாட்டு போடுகிறார். ‘ரயீஸ் லெப்லாத்’. நேராக ஜனாதிபதி பென் அலிக்கு! தேதியைக் கவனித்தீர்களா? பென் அலி ஆட்சியைப் பிடித்ததும் நவம்பர் 7தான், 1987ல்! ஆட்சியின் 23வது பிறந்த நாளுக்குப் பையன் கொடுத்த பரிசு!

வீடியோ எப்படி ஆரம்பிக்கிறது? பென் அலி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன பழைய காட்சி. மிரண்டு நிற்கும் ஒரு சின்னப் பையனிடம் குனிகிறார் ஜனாதிபதி. ஏன் பயப்படுகிறாய், சொல் என்கிற தோரணை. பையன் வாயே திறக்கவில்லை. உடனே வெட்டு! தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்ட இன்னொரு பையன் வாயைத் திறக்கிறான்!

2011 ஜனவரி 6. வீட்டைச் சுற்றிச் சாதா உடையில் போலீஸ். எத்தனை பேர்? சுமார் 30! ஒரு பாட்டுக்காரரைப் பிடிக்க 30 பேர்! மூன்றே நாளில் விடுதலை. அதற்கு ஐந்தாவது நாள், ஜனவரி 14, பென் அலி நாட்டை விட்டே ஓட்டம்!

அதே வருடம் ‘டைம்’ பத்திரிகையின் உலகச் செல்வாக்கு மனிதர்கள் 100 பேர் பட்டியலில் இந்தப் பையன் பேர்!

சர்வாதிகாரி போனதும் ராப்பர்களுக்கு ராஜ மரியாதை என்று நினைத்தீர்களா? 2013ல் அதே துனிசியாவில் போலீஸைத் திட்டிப் பாடிய வெல்த் எல் 15 என்ற ராப்பருக்கு இரண்டு வருடச் சிறை! அப்பீலில் அது ஆறு மாதமாகி, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. புரட்சிக்கு இரண்டு வருடம் கழித்து!

லிபியாவில் இப்னு தாபித். கடாஃபியைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுத்தவர். முகத்தை யாரும் பார்த்ததில்லை! பேரும் புனைபேர்தான். கடாஃபி விழுந்தார். இவர் என்ன செய்தார்? பெரிய நட்சத்திரமாகி ஊர்வலம் போனாரா? வேலை முடிந்தது என்று ராப்பையே விட்டுவிட்டார்!

மொராக்கோவின் காஸாப்ளாங்காவில் எல் ஹாகித். பேரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் 7ம் 9ம் வரும்! ஆங்கிலத்தில் இல்லாத அரபு ஒலிகளுக்கு இளவட்டங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி. ஜெயிலுக்கு எத்தனை தடவை போனார்? மூன்று! ஒரு தடவை கழுதைத் தலை ஒட்டிய போலீஸ் படத்தோடு பாட்டு வந்ததற்காக முழுசாக ஒரு வருடம்!

லாஸ் ஏஞ்சலஸில் ஒமர் ஆஃபெண்டம். சிரியாக் குடும்பம். பிறந்தது சவூதி. வளர்ந்தது வாஷிங்டன். படிப்பு? கட்டடக்கலை! கட்டடம் வரைந்துகொண்டே ராப் எழுதியவர். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸை அரபிக்குக் கொண்டுபோனார். சிரியக் கவிஞர் நிஸார் கப்பானியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் ராப் மேடையிலேயே!

2011 பிப்ரவரியில் எகிப்துப் புரட்சிக்காக இவரும் நண்பர்களும் ஒரு பாட்டை இணையத்தில் விட்டார்கள். தலைப்பு ஒரு ஹேஷ்டேக்! ‘ஜனவரி 25’. பாட்டு வந்த சில நாளில், பிப்ரவரி 11, எகிப்து ஜனாதிபதி முபாரக் ராஜினாமா!

அதில் கூடப் பாடிய நார்சிசிஸ்ட் என்ற இராக்கிய-கனடிய ராப்பர் பகலில் என்ன வேலை செய்தார்? மான்ட்ரியல் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் வாத்தியார்! பாடம்? ஹிப் ஹாப்பேதான்! ஃபீஸ் கட்டிப் படித்தார்கள்!

லண்டனில் பிறந்த ஷாதியா மன்சூர். அரபு ஹிப் ஹாப்பின் முதல் சீமாட்டி என்று பட்டம். பூவேலை செய்த பாலஸ்தீன அங்கி போட்டுக்கொண்டுதான் ராப் மேடை ஏறுவார்! 2014ல் சிலி நாட்டு ஆனா டிஜூவோடு ஒரு பாட்டு. அவர் ஸ்பானிஷில், இவர் அரபியில். கேட்டுப் பாருங்கள், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று காது தடுமாறும்!

சூடானின் அய்மன் மாவ் அமெரிக்காவில் இருந்தவர். பாட்டோ ஊரில் போராட்டக்காரர்கள் வாயில்! சர்வாதிகாரி பஷீர் விழுந்ததும் 2019 ஏப்ரலில் விமானம் ஏறி வந்தார். கார்த்தூம் ராணுவத் தலைமையகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெருங்கூட்டத்துக்கு நடுவே ராப்! எந்த ஆட்சியின் வாசலோ, அந்த வாசலிலேயே கச்சேரி!

மறுபடி லோட் குழுவுக்கு வருவோம். தாமரின் தம்பி சுஹெல் என்ன ஆனார்? கோட்டு சூட்டு! முதலில் ஸ்பாட்டிஃபையில் அரபுப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை. அப்புறம் அமெரிக்காவின் எம்பயர் இசை நிறுவனத்தில் துணைத் தலைவர்!

அந்த எம்பயர் ஒப்பந்தம் போட்ட ஒரு காஸா ராப்பர் எம்.சி. அப்துல். பள்ளிக்கூட வாசலில், யூனிஃபார்ம் போட்ட நண்பர்கள் பின்னால் நிற்க, தடுமாறாத ஆங்கிலத்தில் ராப் பாடிய வீடியோ 2020ல் உலகம் சுற்றியது. அப்போது அவருக்கு வயது 11!